இரண்டு கச்சேரிகள்

ஐப்பசி பிறந்தால் பாலக்காட்டு எல்லைப் பகுதியில் பாட்டுக் காலம் தொடங்கிவிடும். விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் பலர், பல்கலைக்கழக அரங்கில் நடக்கவிருக்கும் வாய்ப்பாட்டு நிகழ்ச்சிகளையும் கணக்கில் வைத்தே பயணச்சீட்டு எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் சென்ற ஆண்டு போனேன். கச்சேரி என்ற சொல்லுக்கு அலுவலகம் என்றும் ஒரு பழைய பொருள் உண்டு. அன்று மாலையின் பெரும்பகுதியை அந்தக் கச்சேரியில்தான் கழித்தேன்.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அழைப்பிதழில் அனைவரையும் வரவேற்பதாக மலையாளத்தில் அச்சிட்டிருந்தார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தையுடன் போய் இறங்கியபோது, வெளியார் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்றார் காவலர். அத்தையின் ஆதாரைப் பார்த்து வழிவிட்டவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் என் ஓ.சி.ஐ. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே கடவுச்சீட்டின் நகல் கேட்டார்கள். நகல் எடுத்து வந்தால் அதில் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பமும் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தால், முத்திரை வைத்திருப்பவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். எழுத்தர் நல்ல தமிழில் கனிவாகவே பேசினார் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

அத்தை அரங்குக்குள் போகவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லித் தாழ்வாரத்து மர இருக்கையில் என்னருகே அமர்ந்துவிட்டார். எனக்குப் பாட்டின் முதல் பாடமான சரளி வரிசையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒலிபெருக்கியில் தொடக்கப் பாடலான வர்ணம் கேட்டதும் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தார். தந்தை பெயர் என்ன, அவர் பிறந்த ஊர் எது என்று எழுத்தர் என்னைக் கேட்டபோதெல்லாம், கை நிற்காமல் தம் அண்ணனின் பெயரையும் ஊரையும் அவரே சொன்னார். முத்திரை விழுந்து நாங்கள் உள்ளே நுழைந்தபோது, கச்சேரியின் பிற்பகுதியில் தாள வாத்தியக்காரர்கள் தனித்து வாசிக்கும் தனியாவர்த்தனம் முடிந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, உங்கள் பெயரில் அனுமதி கேட்காதீர்கள். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரை ஒரு வாரம் முன்பே நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். மலையாளத் தேதியைத் தமிழ்த் தேதி என்று எண்ணிவிடவும் கூடாது. மலையாள விருச்சிகமும் தமிழ்க் கார்த்திகையும் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாகப் பிறக்கும். புறப்படும் காலையில் ஹர்த்தால் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் பாலக்காட்டிலுள்ள கல்பாத்திக்குப் போகலாம். ஐப்பசிக் கடைசியில் தேர் ஓடுவதற்கு முந்தைய மாலைகளில் அங்கே இசை விழா நடக்கும். கர்நாடக இசைப் பாடகர் வைத்தியநாத பாகவதரின் (1896–1974) ஊரான செம்பை கிராமத்தில் மாசி ஏகாதசியை ஒட்டிப் பாடுவார்கள். நம்முடைய விடுமுறைதான் மாசி வரை நீள்வதில்லை.

இவ்வாண்டு பல்கலைக்கழக நிகழ்ச்சிக்கு அத்தை தம் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாராம். உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடவில்லை. ‘அண்ணன் மகன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்.