பந்தாடிய மருத்துவரின் வாழ்க்கையை எழுதும் முறை

கல்லூரி நாட்களில் கால்பந்தாடிப் பின்னர் மருத்துவரான ஒருவரைப் பற்றித் தமிழ்ச் சங்க மலருக்கோ பள்ளி ஆண்டு மலருக்கோ எழுத விரும்பும் பெங்களூர்த் தமிழர்களுக்கு, இந்தியக் கால்பந்து அணியின் தலைவராக இருந்த தலிமெரன் ஆவோவின் வாழ்க்கையைக் கொண்டு அதன் முறையைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு தாளின் நடுவே கோடிட்டு, ஒருபுறம் ஆட்டத்தையும் மறுபுறம் படிப்பையும் ஆண்டு வரிசையில் எழுதுங்கள். 1918இல் நாகா மலையின் சாங்கி கிராமத்தில் பிறந்த அவர், குவஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்தபின் கொல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டே அங்குள்ள மோகன் பகான் கால்பந்துச் சங்கத்துக்கு ஆடினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அவர், எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றதோ 1950இல்தான். ஆகவே 'டாக்டர் ஆவோ தலைமையில் இந்தியா ஆடியது' என்று எழுதினால் அது பிழை. அப்போது அவர் மாணவர். இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்தால்தான் இத்தகைய பிழை கண்ணில் படும்.

அடுத்து, பெயர் மாற்றங்களைக் கவனியுங்கள். அவர் சேர்ந்த கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி 1948இல் ஆர்.ஜி.கர் என்று பெயர் மாறியது. எனவே இரு பெயர்களிலும் தேட வேண்டும். ஆவோ என்பது நாகா இனக்குழு ஒன்றின் பெயருமாகையால், அதை மட்டும் கொண்டு தேடினால் வேறு மனிதரின் செய்தி கலந்துவிடும்.

ஆட்டத்தை எழுதும்போது நாளும் இடமும் எண்ணும் போதும். 1948 ஜூலை 31 அன்று லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் பிரான்சிடம் இந்தியா 2-1 என்று தோற்றது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்ட்டிகள் வீணாயின. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன் என்பதை நம் வாசகருக்காகத் தவறாமல் குறிப்பிடுங்கள். அதே அணியிலிருந்த அகமது கானும் பெங்களூரில் பிறந்தவரே. கௌதம்புரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் பழைய ஆட்டக்காரர்களின் குடும்பத்தாரைக் கேட்டால் படங்களும் நினைவுகளும் கிடைக்கக்கூடும். ஆனால் நினைவில் வரும் ஆண்டை அக்கால நாளிதழோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள். லண்டனின் ஆர்சனல் கால்பந்துச் சங்கம் ஆவோவை அழைத்ததாகப் பலரும் சொல்லும் கதைக்கும் இதே விதிதான்: அக்காலச் சான்று கையில் இல்லையென்றால், 'என்று சொல்லப்படுகிறது' என்றே எழுத வேண்டும்.

பெரும்பாலோர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதே எனக்கு ஆற்றாமை. பட்டம் பெற்றபின் பெருநகரத்தில் தங்காமல் சொந்த மலைக்குத் திரும்பிய அவர், கோஹிமாவில் அரசு மருத்துவராகப் பணியாற்றி, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். தொண்ணூறு நிமிட ஆட்டத்திற்கு இரண்டு பக்கமும், கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட மருத்துவப் பணிக்கு இரண்டு வரியும் ஒதுக்குவது நியாயமாகாது. நாகா மலை 1957இல் அசாமிலிருந்து பிரிந்து மத்திய அரசின் நிர்வாகத்துக்கு வந்து, 1963இல் தனி மாநிலம் உருவானதால், 1957 வரையிலான பணி விவரங்களை அசாம் அரசின் ஆவணங்களிலும், 1963 வரையிலானவற்றை மத்திய அரசின் ஆவணங்களிலும், பிந்தையவற்றை நாகாலாந்து அரசின் ஆவணங்களிலும் தேடுங்கள். எந்த ஊரில், எந்தப் பொறுப்பில், எந்த ஆண்டுகளில் இருந்தார் என்ற மூன்று விவரங்களும் தெளிவான பிறகே அந்தப் பகுதியை எழுதத் தொடங்குங்கள்.