டிராய் பேப்பருக்கு டெக் நிறுவனம் பதில் எழுதுவது எப்படி?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், புதிய விதி எதையும் கொண்டுவரும் முன் வழக்கமாக ஒரு கன்சல்டேஷன் பேப்பர், அதாவது கேள்விகளுடன் பொதுக் கருத்து கேட்கும் ஆவணம், வெளியிடும். அது உங்கள் சேவையைத் தொடுகிறது என்றால், டெல்லியில் உங்களுக்காகப் பேச ஆள் தேடும் முன் அதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுங்கள். சிறிய நிறுவனத்தின் பேச்சும் கோப்பில் ஏறும் வழி அதுதான்.

கருத்து அனுப்ப பெரும்பாலும் நான்கு வாரம், மற்றவர்களின் கருத்தை மறுத்து எழுதும் எதிர்க்கருத்துக்கு மேலும் இரண்டு வாரம் தருவார்கள். பேப்பரைக் கடைசியிலிருந்து படியுங்கள்; கேள்விகளை எண்ணிட்டு அங்கேதான் தொகுத்திருப்பார்கள். உங்களைப் பாதிக்கும் நான்கைந்து கேள்விகள் போதும். முதல் வாரத்திலேயே நிதிப் பிரிவிடமும் பொறியாளர்களிடமும் கணக்கு கேளுங்கள்: இந்த விதி வந்தால் எத்தனை மாத வேலை, எவ்வளவு செலவு, எத்தனை வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படுவார்கள்? இந்தக் கணக்கு தாமதமானால் கடைசி நாளில் வெறும் வாதம்தான் கையில் மிஞ்சும்.

ஒவ்வொரு பதிலும் கேள்வி எண்ணுடன் தொடங்கட்டும். உங்கள் நிலைப்பாடு ஒரு வரி, பிறகு காரணம், பிறகு எண். கடைசியில், விதியில் எந்த வாசகம் எப்படி மாற வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘புதுமைக்குத் தடையாகும்’ என்று மட்டும் எழுதினால் கோப்பு பார்க்கும் அதிகாரியால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கருத்துகள் டிராய் தளத்தில் ஏறும், போட்டியாளரும் படிப்பார். அதனால் வாடிக்கையாளர்வாரி விலைகளை எழுதாமல் சதவீதமாகக் கொடுங்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லாத கடிதம் எத்தனை லட்சம் வந்தாலும் பயனில்லை. 2015 டிசம்பரில் வேறுபட்ட டேட்டா கட்டணம் (எந்தத் தளம் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு விலை) பற்றிய பேப்பரில் டிராய் கேட்டது நான்கே கேள்விகள். சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணமின்றித் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரித்து, ஃபேஸ்புக் வழியாகவே ஒரே வாசகத்தில் லட்சக்கணக்கான மின்னஞ்சல்கள் குவிந்தன. அவை கேள்விகளைத் தொடவே இல்லை என்று டிராய் வெளிப்படையாகக் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான டேட்டா கட்டணம் தடைசெய்யப்பட்டது.

பலரும் வீணடிப்பது எதிர்க்கருத்துக் கட்டத்தை. உங்களுக்கு எதிராகச் செல்லும் மனுக்களில் வலுவான இரண்டை எடுத்து, பக்க எண்ணுடன் மறுப்பு எழுதுங்கள். உங்கள் தொழில் சங்கம் எழுதிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பெரிய உறுப்பினர்களின் நலனுக்கு நடுவே உங்கள் கோரிக்கை கரைந்துவிடும். அடுத்து டிராய் நடத்தும் ஓப்பன் ஹவுஸ் என்ற பொதுக் கலந்துரையாடலில் பேச நேரம் குறைவு, ஒரே ஒரு கருத்தை எண்ணோடு சொல்லுங்கள்.

அரசிடம் உங்களுக்காகப் பேச ஆலோசகரை அமர்த்தினால் மாதக் கட்டணம் மட்டும் பேசுங்கள். ‘காரியம் முடிந்தால் இவ்வளவு’ என்ற ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் செல்லாமல் போகக்கூடும். லஞ்சத்துக்கும் அதுவே வாசல். 2018 திருத்தத்துக்குப் பின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, உங்களுக்காக வேலை செய்பவர் லஞ்சம் கொடுத்தாலும் நிறுவனத்தைப் பிடிக்கும். தடுக்கப் போதிய நடைமுறைகள் வைத்திருந்தோம் என்று நிரூபிப்பதே தற்காப்பு. எனவே ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, பங்கேற்றவர்கள், பேசியது, கொடுத்த தாள் ஆகியவற்றை அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கட்டணம் பற்றியதென்றால் டிராயே உத்தரவிடும். உரிமம் பற்றியதென்றால் பரிந்துரை மட்டுமே. முடிவு தொலைத்தொடர்புத் துறையிடம். துறை ஏற்காவிட்டால் பரிந்துரை டிராய்க்குத் திரும்பும், 15 நாளில் டிராய் பதில் தர வேண்டும். அதற்குள் புதிதாக எழுத நேரமிருக்காது. எண்களும் மாற்று வாசகமும் கொண்ட இரண்டு பக்கக் குறிப்பை முன்பே துறையிடம் கொடுத்து வையுங்கள். டிராய்க்குச் சொன்னதிலிருந்து அதில் ஒரு எண்கூட மாறக் கூடாது.