வாங்கிய கல்லை வீட்டிலேயே கெடுக்காதீர்கள்

கல் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று எல்லோரும் சொல்லித்தருவார்கள், வாங்கிய நல்ல கல் அலமாரியிலேயே பாழாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கொடைக்கானல், ஊட்டி மாதிரி ஊர்களில் இது இன்னும் சுலபம்: மழைக்காலத்தில் ஈரம், வெயில் அடித்தாலோ புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். நவரத்தினத்தை வைத்திருக்கிற பழக்கத்திலேயே அதிகம் பேர் அறியாத கற்களையும் வைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே காயாது. அந்த வீட்டில் பைரைட்டையும் மார்கசைட்டையும் திறந்து வைக்காதீர்கள். இரண்டுமே இரும்பும் கந்தகமும் சேர்ந்தவை, ஈரக்காற்று படப்பட வெளிறிய பொடி பூத்து, கந்தக அமிலம் உண்டாகி, கல்லோடு பெயர்ச்சீட்டையும் அட்டைப்பெட்டியையும் அரித்துவிடும். பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியால் துடைப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதுதான். காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், அது போதும். ஆனால் அதே டப்பாவில், திருப்பத் திருப்ப வண்ணங்கள் மின்னும் ஓபல் கல்லைப் போட்டுவிடாதீர்கள்! ஓபலுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, ரொம்ப உலர்ந்தால் சிலவற்றில் நுண்ணிய விரிசல் விழும். எத்தியோப்பியாவின் வெலோ ஓபல் இன்னொரு ரகம்: தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு வண்ண ஜாலமே மங்கிவிடும், காய்ந்தால் பெரும்பாலும் திரும்பும். எண்ணெயையும் அப்படியே உறிஞ்சும் என்பதால் எண்ணெயை இந்தக் கல்லின் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

மூடுபனி விலகியதும் கற்களை ஜன்னலோரம் பரப்பி வைக்கத் தோன்றும். குன்சைட்டுக்கு அது கூடாது, அதன் இளஞ்சிவப்பு வெயிலில் வெளுத்துப்போகும். ரியல்கார் என்ற சிவப்புக் கனிமம் வெளிச்சம் பட்டே மஞ்சள் பொடியாக உதிரும், அதில் ஆர்செனிக் வேறு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பூட்டி வையுங்கள்.

அப்புறம், மோஸ் எண்ணை, அதாவது கல் கீறலை எவ்வளவு தாங்கும் என்று 1 முதல் 10 வரை சொல்லும் அளவை, மட்டும் பார்த்து மோதிரம் செய்யச் சொல்வது இன்னொரு தப்பு. கயனைட் நீளவாக்கில் 4.5 அளவுதான், குறுக்கே 7 வரை போகும், ஒரே கல்லுக்கு இரண்டு குணம். புஷ்பராகம் என்று விற்கும் டோபாஸ் 8 இருந்தும் ஒரு திசையில் தட்டினால் சீராகப் பிளந்துவிடும். ஸ்பீன் என்ற கல் வைரத்தைவிட அதிகமாக ஒளியை வண்ணங்களாகப் பிரிக்கும், ஆனால் 5 முதல் 5.5 தான். தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் 7 என்பதால், வெறும் துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். இதைக் காதணியாகப் போடுங்கள், மோதிரம் வேண்டாம்.

ஐயோலைட் என்ற கல்லை நீலக்கல் என்று யாராவது நீட்டினால் விலை பேசுமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ஊதா கலந்த நீலம், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட நிறமற்றது அல்லது வெளிர் மஞ்சள் தெரிந்தால் அது ஐயோலைட்தான். அழகான கல், நீலத்தின் விலை மட்டும் கொடுக்காதீர்கள். ஆனால் தெரியாத கல்லை மலிவு என்று ஒதுக்குவதும் தப்பு. 1945-இல் அயர்லாந்தின் டப்ளினில் வாங்கிய பழைய கற்களில், ஸ்பினல் என்ற வேறொரு ரத்தினமாக நினைத்த ஒன்று இரட்டை ஒளிவிலகல் காட்டியது, அதாவது உள்ளே போகும் ஒளியை இரண்டாகப் பிரித்தது, ஸ்பினலில் அது வராது. அதுதான் டாஃபைட், அதுவரை யாரும் அறியாத கனிமம்.

பழனி மலைப் பாறைகளில் சஃபைரின் உண்டு, கெங்குவார்பட்டிப் பக்கம் ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பெயர் சஃபையர் மாதிரி இருந்தாலும் அது நீலக்கல் இல்லை, மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட் கனிமம். இதைக் கேட்டுவிட்டுச் சுத்தியலோடு காட்டுக்குக் கிளம்பாதீர்கள், காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கல் எடுப்பதும் வனச்சட்டப்படி குற்றம்.