‘இலங்கைக்கும் வந்தாச்சு’ என்றதும் வாங்கிவிடாதீர்கள்: வெளிநாட்டுக் கம்பனிப் பொருட்களில் நாம் விடும் தவறுகள்

வெளிநாட்டுக் கம்பனி ஒன்று தன் போனையோ மடிக்கணினியையோ இனி இலங்கையிலும் விற்கப்போவதாக அறிவித்தால், அந்தச் செய்தி ஹட்டனிலிருந்து பதுளை வரை ஒரே நாளில் வட்ஸ்அப்பில் சுற்றிவிடும். சில மாதம் போனபின் பார்த்தால், அதை எல்லாருக்கும் அனுப்பிய தம்பியே அந்தக் கம்பனியைத் திட்டிக்கொண்டிருப்பார். பொருளில் குறை இருக்காது. கம்பனி இன்னும் முழுசாக இங்கே வந்து சேர்ந்திருக்காது, அவ்வளவுதான். விற்பனை மட்டும் வந்திருக்கும்.

எந்தக் கம்பனியும் முதலில் திறப்பது பணம் வாங்கும் வழியைத்தான். இணையதளத்தின் நாட்டுப் பட்டியலில் இலங்கையைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை. முகவரை நியமிப்பது, போனாக இருந்தால் மொடலுக்கு மொடல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி எடுப்பது, உதிரிப்பாகங்களை இறக்கி வைப்பது, பழுதுபார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் பணமும் நாளும் பிடிக்கிற வேலைகள். ஒன்றன்பின் ஒன்றாக வரும், சில வராமலே போகும். கொழும்புக்கு வந்தது மலையேறி நுவரெலியாவுக்கு வர இன்னும் கொஞ்சம் எடுக்கும். வாங்குகிறவர் கேட்க வேண்டியது, இதில் எதெது வந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்பதைத்தான்.

செய்தி வந்த அன்றே காசு கட்டுவது

ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்துக்கு இலங்கையில் உரிமம் கிடைத்தது 2024 ஓகஸ்டில். சேவை தொடங்கியது 2025 ஜூலையில். நடுவே கிட்டத்தட்ட பதினொரு மாதம். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உரிமம் வேறு, சேவை வேறு. ஆனால் உரிமச் செய்தியைக் கேட்ட கையோடு வெளிநாட்டிலிருக்கும் மச்சானிடம் சொல்லி ஒரு டிஷ்ஷை வரவழைத்திருந்தால், அது அத்தனை மாதமும் அலுமாரிக்கு மேல் தூங்கியிருக்கும். வாரண்டி மட்டும் தூங்காமல் ஓடியிருக்கும்.

முற்பணம் கட்டுமுன் மூன்று விஷயத்தை எழுத்தில் பாருங்கள்: பொருள் எந்தத் திகதிக்குள் கிளம்பும், கிளம்பாவிட்டால் பணம் திரும்புமா, திரும்பினால் எந்த நாணயத்தில். ‘விரைவில்’ என்பது திகதி இல்லை.

ஸ்டார்லிங்க் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். அந்த டிஷ்ஷுக்கு மறைப்பில்லாத அகன்ற வானம் வேண்டும். நம்முடைய தேயிலைத் தோட்டங்களில் பாதி வீடு பள்ளத்தில். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் யூக்கலிப்டஸ் மரம். வாங்குவதற்கு முன்பே, அவர்களுடைய செயலியைப் போனில் இறக்கி, முற்றத்தில் நின்று கமராவை வானத்துக்குக் காட்டினால் எங்கே மறைக்கிறது என்று அதுவே சொல்லும். இதைச் செய்யாமல் வாங்கிவிட்டு, இணையம் விட்டு விட்டு வருகிறது என்று கம்பனியைக் குறை சொல்லிப் பயனில்லை.

டொலர் விலையைப் பெருக்கிப் பார்ப்பது

அமெரிக்க இணையதளத்தில் 500 டொலர். கணக்குக்குச் சுலபமாக டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 150,000. இங்கே கடையில் இரண்டு லட்சத்துக்கு மேல் சொன்னால் ‘கொள்ளை’ என்கிறோம். அமெரிக்காவில் காட்டும் விலையில் அந்த நாட்டு விற்பனை வரியே சேர்ந்திருக்காது என்பதை யாரும் கவனிப்பதில்லை. இங்கே 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். அதுவரை விலக்கு இருந்த கைத்தொலைபேசியும் அப்போதுதான் வரிக்குள் வந்தது. அனுப்புசெலவையும் காப்புறுதியையும் சேர்த்து 160,000 என்று பிடித்தால், அதற்கு வற் மட்டும் குறைந்தது 28,800. அதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம், பொருளைப் பொறுத்துச் சுங்கத் தீர்வைகள், கூரியர்காரர் எடுக்கும் கையாளல் கட்டணம்.

ஒன்லைனில் நேரே வாங்கும்போது பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: இறக்குமதி வரி விலையில் சேர்ந்திருக்கிறதா, இல்லை வாசலில் நீங்கள் கட்ட வேண்டுமா? இதைப் பார்க்காமல் விட்டால், பார்சல் கொழும்பில் நிற்கும்போது தொலைபேசி வரும். அப்போது கட்டவும் மனம் வராது, விடவும் மனம் வராது.

விலாசம்

வெளிநாட்டுக் கம்பனிகளுக்குக் கடைசிவரை விளங்காத விஷயம் இது. கட்டணப் பக்கத்தில் ‘தெருப் பெயர், வீட்டு இலக்கம்’ என்று இரண்டு பெட்டி இருக்கும். நிரப்பாவிட்டால் சிவப்புக் கோடு போட்டு நிற்கும். நமக்கோ லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இலக்கம், தோட்டப் பிரிவான டிவிஷன், தோட்டத்தின் பெயர், பக்கத்து டவுன். தோட்டத்துக் கடிதங்கள் வீட்டு வாசலுக்கு வராமல் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்ச் சேர்ந்த வரலாறு நமக்குத் தெரியும். சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு எங்கே தெரியப்போகிறது?

அதனால் பலர் ஏதோ ஒன்றை அடித்து நிரப்பிவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. தெருப் பெட்டியில் டிவிஷனையும் தோட்டத்தின் பெயரையும் போடுங்கள். இரண்டாவது வரியில், பார்சல் இறக்க வேண்டிய டவுனில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்தைப் போடுங்கள். தபால் குறியீட்டை ஊகிக்காதீர்கள்: ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பண்டாரவளை 90100, பதுளை 90000. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் மாகாணம் மத்திய, பண்டாரவளைக்கும் பதுளைக்கும் ஊவா. இதை மாற்றிப் போட்டால் பார்சல் தப்பான பக்கத்து லொறியில் ஏறிவிடும். தொலைபேசி எண் இரண்டு கொடுங்கள், இரண்டாவது வேறு சிம்மாக இருக்கட்டும். கூரியர்காரர் எடுக்கும் நேரம் பார்த்து நீங்கள் சிக்னல் இல்லாத பள்ளத்தில் நிற்பீர்கள். அதைவிட நல்லது, டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் விலாசத்துக்கு எடுப்பது, அல்லது கூரியர் கிளையிலேயே வைத்திருக்கச் சொல்லிப் போய் வாங்கிக்கொள்வது.

பெயரும் அப்படித்தான். அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு விதமாக, வங்கி அட்டையில் இன்னொரு விதமாக, ஓடரில் செல்லப் பெயராக இருந்தால், சுங்கத்துக்கு அடையாள அட்டைப் பிரதி கேட்கும்போது இடிக்கும். அடையாள அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள்.

ஒரே பெயர், வேறு வேறு மொடல்

பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை எல்லாரும் பார்க்கிறோம். விஷயம் பெட்டியின் அடியிலோ பக்கவாட்டிலோ பொடி எழுத்தில் இருக்கும் மொடல் இலக்கத்தில் இருக்கிறது. ஒரே போனை ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு மாற்றித்தான் கம்பனிகள் விற்கின்றன. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். சீனாவுக்கென்று செய்தவற்றில் பெரும்பாலும் இரண்டு சாதாரண சிம் போடலாம், இ-சிம் இருக்காது. இரண்டுமே நல்ல போன்தான். உங்களுக்கு எது சரி என்று தெரிந்து வாங்கினால் போதும்.

அலைவரிசை இன்னும் முக்கியம். இங்கே 4ஜிக்கு 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 3, முக்கியமானது. சில மலிவு அமெரிக்க மொடல்களில் அது இருக்காது. கொழும்பில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம், ஒரு கோபுரம் இல்லாவிட்டால் இன்னொன்று பிடிக்கும். தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் ஒரு மடுவில் ஒரே கோபுரத்தை நம்பியிருப்பவருக்குத்தான் அடி விழும்.

இன்னொரு வினோதமான முறைப்பாடும் உண்டு: “யூடியூப் ஓடுது, கோல் மட்டும் போக மாட்டேங்குது.” 4ஜியிலேயே பேசும் வசதியை வோல்டி என்கிறார்கள். அது வேலை செய்யப் போனும் வலையமைப்பும் ஒன்றை ஒன்று ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். கம்பனி அதிகாரபூர்வமாக விற்காத நாட்டில் பல போன்களில் அது பூட்டியே இருக்கும். அப்போது அழைப்பு எடுத்ததும் போன் பழைய 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கப் பார்க்கும். அங்கே சிக்னல் இல்லாவிட்டால் அழைப்பு செத்துவிடும். போனில் பழுதே இல்லாததால், எந்த ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாலும் இது தீராது. வாங்குமுன் டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று நீங்கள் பாவிக்கும் வலையமைப்பிடம் அந்த மொடலைச் சொல்லிக் கேளுங்கள்.

தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவும் 2025 ஜனவரி இறுதியிலிருந்து பதியாத புதுப் போன்கள் விஷயத்தில் கெடுபிடி. போனில் *#06# அடித்தால் வரும் 15 இலக்க அடையாள எண்ணை எடுத்து, குறுஞ்செய்தியில் ஐ.எம்.இ.ஐ (IMEI) என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண் என்று எழுதி 1909க்கு அனுப்பினால் பதிவு இருக்கிறதா என்று பதில் வரும். கடையில், காசு கொடுக்குமுன் செய்யுங்கள்.

வாரண்டி எந்த நாட்டினுடையது?

“அண்ணே, கம்பனி வாரண்டி இருக்கா?”

“இருக்கு தம்பி, ஒரு வருஷம்.”

இத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த கேள்விதான் கேட்க வேண்டிய கேள்வி: எந்த நாட்டில் உள்ள கம்பனி, இங்கே யார் பொறுப்பு? டுபாயிலோ கட்டாரிலோ வேலை செய்யும் உறவினர் கொண்டுவந்த பொருளுக்கு வாரண்டி அட்டை உண்மையாகவே இருக்கும், ஆனால் அந்த நாட்டுச் சேவை நிலையத்துக்கு மட்டும். கம்பனி இலங்கைக்கு வந்தபின்கூட, இங்குள்ள முகவர் தான் இறக்காத பொருளைத் தொடமாட்டார். இது அநியாயம் என்று தோன்றும். பழுதுக்கான செலவை முகவருக்குக் கம்பனி கொடுப்பது அவர் வழியாக விற்ற பொருளுக்கு மட்டும்தான் என்பதால், அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது.

‘நாங்களே அனுப்பிப் பழுதுபார்த்துத் தருவோம்’ என்ற வாக்குறுதியிலும் ஓர் ஓட்டை உண்டு. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பெட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. வீங்கிய, சேதமான பெட்டரி உள்ள பொருளை எந்த விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். ஆகப் பெட்டரி வீங்கிப் பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு நிற்கும் போனுக்கு வாரண்டி இருந்தும் அனுப்ப வழியில்லை.  சரி, வேறு பழுதென்று அனுப்பினாலும், திரும்பி வரும்போது சுங்கம் அதைப் புதுப் பொருளாகப் பார்த்து வரி கேட்கலாம். அனுப்பும்போதே பத்திரத்தில் ‘பழுதுபார்க்க’ என்று காட்டிப் பிரதியை வைத்திருங்கள்.

இடி மின்னலில் எரிந்தால் வாரண்டி இல்லை என்பது பெரும்பாலும் எல்லா அட்டையிலும் இருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழை கட்டும்போது ரவுட்டரைக் கழற்றிவிடுங்கள். பிளக் விஷயம் சின்னது: நமக்கு 230 வோல்ட், 13 அம்பியர் சதுர முள். மடிக்கணினி சார்ஜரில் 100–240 என்று இருந்தால் முனையை மாற்றினால் போதும். 120 மட்டும் போட்டிருந்தால் சொருகவே வேண்டாம். பிரிண்டர் வாங்குபவர்கள் மைக்கூடு இங்கே கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில கம்பனிகள் பிரதேச லொக் போட்டிருப்பதால், வெளிநாட்டு மெஷின் உள்ளூர் மைக்கூட்டை ஏற்காது.

முறைப்பாடு செய்யும்போது

கம்பனியின் முகநூல் பக்கத்தில் திட்டி எழுதினால் மன ஆறுதல் கிடைக்கும், பணம் கிடைக்காது. இங்குள்ள கடையிலோ முகவரிடமோ வாங்கியிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது. வெளிநாட்டு இணையதளத்தில் நேரே வாங்கியிருந்தால் அவர்களைவிட உங்கள் வங்கிதான் கைகொடுக்கும். பொருள் வராவிட்டால் அட்டைக் கொடுப்பனவை மறுக்க வழி உண்டு, ஆனால் அதற்குக் கெடு உண்டு. கம்பனி ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று இழுக்கும்போது அந்தக் கெடு போய்விடும். ஆகவே வங்கிக்கு முதலில் எழுதிவிட்டு, அப்புறம் கம்பனியோடு பொறுமையாகப் பேசுங்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது விலாச ஒட்டுத்தாள் தெரிய ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பில்லையும் வாங்கிய அன்றே படம் எடுங்கள், தொடரிலக்கம் அதில் எழுதியிருக்க வேண்டும். கடைகளில் தருவது பெரும்பாலும் வெப்பத் தாளில் அடித்த பில், வாரண்டி முடிவதற்குள் எழுத்து வெளிறி வெறும் தாளாகிவிடும்.