மேட்டு நிலத்துக்கு ஏற்ற 100 சிசி வண்டி: விவரத்தாளைப் படிக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் மைலேஜ் கேட்கிறார்கள், அடுத்து சிசி கேட்கிறார்கள். பின்னால் ஓர் ஆளும் முன்னால் ஒரு மூட்டையுமாக மேடு ஏறும்போது வண்டி இழுக்குமா என்பதை இவ்விரண்டும் சொல்வதில்லை. அதற்கு விடை தருவது விவரத்தாளில் உள்ள டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) என்ற வரியும், அதன் பக்கத்தில் இருக்கும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணுமே.

ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் 97.2 சிசி எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் 8.05 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. ஓசூரில் ஆலை கொண்ட டிவிஎஸ் நிறுவனத்தின் ஸ்போர்ட் வண்டியில், 109.7 சிசி எஞ்சின் 8.7 நியூட்டன் மீட்டரை 4500 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடுகிறது. டார்க்கில் உள்ள வித்தியாசம் சிறிது. அது கிடைக்கும் சுழற்சியில் உள்ள வித்தியாசமே பெரிது. அஞ்செட்டிப் பக்கத்து ஏற்றத்தில் வேகம் குறைந்து எஞ்சின் தளரும்போது, 4500-இல் உச்சம் தொடும் வண்டி அதே கியரில் இன்னும் சற்றுத் தூரம் தாங்கும். 6000-இல் உச்சம் தொடுவதற்கோ முன்கூட்டியே கியரைக் குறைத்துச் சுழற்சியை ஏற்ற வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

ஸ்ட்ரோக் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் தூரம்) நீளமாக இருந்தால் இழுவை அதிகம் என்று பட்டறைகளில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பஜாஜ் பிளாட்டினா 100-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 47 மி.மீ., ஸ்ட்ரோக் 58.8 மி.மீ.; ஆனாலும் அதன் உச்ச டார்க் கிடைப்பது 5500-இல். ஸ்ட்ரோக் குறைவான ஸ்போர்ட் அதைவிடக் கீழேயே உச்சத்தைத் தொடுகிறது. வால்வு, அதைத் திறந்து மூடும் கேம், எரிபொருள் அமைப்பு எல்லாம் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன.

நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை எரிதல் நடக்கும். 3000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 25 முறை. இடைவெளியில் எஞ்சினைச் சுழல வைப்பது சுழலும் பாகங்களின் எடையும் வண்டியின் ஓட்டமுமே. ஆகவே மேட்டில் டாப் கியரிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் உதறும், தட்டும் சத்தம் வரும், சூடும் ஏறும். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு மெதுவான ஏற்றத்தில் காற்றும் குறைவாகவே கிடைக்கிறது என்பதால், உதறல் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பது நல்லது.

செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். முன்னால் 14, பின்னால் 42 என்றால் விகிதம் 3. முன்பல்லை 13 ஆக்கினால் விகிதம் 3.23 ஆகி, இழுவை சுமார் 8 விழுக்காடு கூடும். ஏறத்தாழ அதே அளவில் ஒவ்வொரு கியரிலும் வேகம் குறையும், சமதளத்தில் எஞ்சின் கூடுதலாக உழைக்கும். மேடு தினசரி வழியாக இல்லாதவருக்கு இந்த மாற்றம் தேவையில்லை.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு. திறனும் அதற்கேற்பக் குறையும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டியில் அந்த வசதி கிடையாது.

இறக்கத்துக்குப் பிரேக் வரியைப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். சிபிஎஸ்ஸில் பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தவறு. டிரம் பிரேக் தொடர்ந்து சூடேறினால் பிடிப்பு தளரும். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைத் தடுக்கும். டெஸ்ட் டிரைவுக்கும் சமதளச் சாலையைத் தவிர்த்து, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, அருகிலுள்ள மேட்டில் பாதி வழியில் நிறுத்தி மீண்டும் முதல் கியரில் எடுத்துப் பாருங்கள்.