ஆன்லைனில் வந்த சைக்கிளை வீட்டிலேயே மாட்டுவது எப்படி?

ஆன்லைனில் வாங்கும் சைக்கிள் பெரும்பாலும் ஓட்டத் தயாராக வராது. '85 சதவீதம் அசெம்பிள் ஆனது' என்று போட்டிருந்தால், முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் எல்லாம் உங்கள் வேலை என்று பொருள். பிடிமானமும் பிரேக்கும் இவற்றை நம்பித்தான் இருக்கின்றன, அதனால் அவசரப்படாதீர்கள்.

ஆர்டர் போடும்போது சக்கர அளவை மட்டும் பார்க்க வேண்டாம். 26, 27.5, 29 எல்லாம் சக்கரத்தின் அங்குலக் கணக்கு. உங்களுக்குப் பொருந்த வேண்டியது ஃபிரேம். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தடிமனான புத்தகம் ஒன்றைக் கவட்டை வரை ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். ஃபிரேமின் மேல்குழாய் உயரம் இதைவிட 2.5 செ.மீ.யாவது குறைய வேண்டும். மலைப்பாதை சைக்கிளுக்கு 5 செ.மீ. நல்லது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்பே படித்துவிடுங்கள்.

பெட்டி வந்ததும் கிழிசல், நசுங்கல் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் படம் எடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள். கியர் சைக்கிளில் முதலில் அடிபடுவது பின் டிரெய்லியர், அதாவது கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் கருவி. பின்னாலிருந்து பார்த்தால் அது சக்கரத்துக்கு இணையாகத் தொங்க வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

4, 5, 6 மி.மீ. அலென் கீ, 15 மி.மீ. ஸ்பேனர், கிரீஸ், பம்பு போதும்.

அதிகம் நடக்கும் தவறு ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையைப் பின்பக்கமாகத் திருப்பி வைப்பது. டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) ஓட்டுபவரின் இடப்பக்கம் வர வேண்டும். ரிம் பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் நிற்க வேண்டும். ஹேண்டில்பார் மூடியின் நாலு போல்ட்டையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கட்டும். சக்கரம் மாட்டும் முன் டிஸ்க் பிரேக் லீவரை அழுத்தாதீர்கள். ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்) என்றால் பேடுகள், அதாவது தட்டை அழுத்தும் பிரேக் கட்டைகள், ஒட்டிக்கொள்ளும். பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைக் காட்டும்.

பெடலில்தான் பலர் கிராங்கை (பெடல் மாட்டும் தண்டு) கெடுக்கிறார்கள். இடது பெடலுக்கு மரை தலைகீழ். 'எல்', 'ஆர்' எழுத்தைப் பார்த்து, கிரீஸ் தடவி, கையாலேயே சுற்றுங்கள். இரண்டையும் முன்சக்கரம் இருக்கும் பக்கமாகச் சுற்றினால் இறுகும். ஒரு சுற்றிலேயே சிக்கினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி ஏற்றுங்கள். ஸ்பேனரால் நெம்பினால் அலுமினிய மரை அறுந்து, கிராங்கையே மாற்ற வேண்டிவரும்.

சீட் தண்டு குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இறங்க வேண்டும் என்று காட்டும் கோடு குழாய்க்குள் மறைய வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நீளும் உயரமே சரி.

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றடியுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் டக் டக் என்று ஆடினால் ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியைச் சற்று இறுக்கி, பக்க போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள்.

முதல் சில வாரத்தில் கேபிள் தளர்வது இயல்பு. கிராங்க் போல்ட்டையும் அப்போதே இறுக்கிவிடுங்கள். தளர்ந்தபடியே மிதித்தால் கிராங்கின் சதுர ஓட்டை அகன்று, பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது.