தண்ணீர் வராத போரை மூடுவது எப்படி: ஒரு பழைய ரிக் வண்டிக்காரன் சொல்வது

1994 முதல் 2016 வரை ரிக் வண்டியில், அதாவது போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் இருந்தேன். ஊர் திருச்செங்கோடு பக்கம். டிஎன் 34 என்று நம்பர் போட்ட போர் வண்டியை நீங்கள் வடக்கே எங்கேயாவது பார்த்திருந்தால் அது எங்கள் ஊர் வண்டிதான். ராடு பிடிப்பது, பாறையைக் குடையும் முனையான பிட்டை மாற்றுவது, பாறை வரும்போது சத்தத்தை வைத்தே ஆழம் சொல்வது எல்லாம் ஆறே மாதத்தில் பழகிவிட்டது. தண்ணீர் வராத துளையை எப்படி மூடுவது என்று மட்டும் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தராததற்குக் காரணம் உண்டு. ஓட்டுகிற அடிக் கணக்கில்தான் எங்களுக்குக் காசு. 600 அடி ஓட்டியும் தண்ணீர் வராமல் பாறைத்தூள் புகைதான் வருகிறது என்றால் தோட்டக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார். ஏஜெண்ட் அடுத்த பார்ட்டியிடமிருந்து போன் மேல் போன் அடிப்பான். நாங்கள் மேல் மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் பைப்பை உருவி லாரியில் போட்டுக்கொண்டு, துளை மேல் ஒரு சாக்கைப் போட்டு, பக்கத்தில் கிடக்கும் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுக் கிளம்புவோம். நானும் அப்படித்தான் கிளம்பியிருக்கிறேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஒரு தடவை நான் சாக்குப் போட்டுவிட்டு வந்த தோட்டத்துக்கு மறு வருஷம் வேறு இடத்தில் போர் போடப் போனோம். கல்லை யாரோ வேலிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். சாக்கு மக்கிப்போயிருந்தது. "உங்க குழியில என் குட்டி போச்சுங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. ஆட்டுக்குட்டி. ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டிருந்ததாம். அந்த வீட்டுத் திண்ணையில் மூன்று வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அன்றைக்குத்தான் ஒரு பழைய போரை முதல் முறையாக அடியிலிருந்து நிரப்பினேன். அதுவும் தப்பாகத்தான் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2006-ல் ஹரியானாவில் குருக்ஷேத்திரம் பக்கம் ஒரு சிறுவன் விழுந்து, நாடே டிவி முன் உட்கார்ந்திருக்க, உயிரோடு மீட்டார்கள். எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. குழந்தைகள் இப்படி விழுந்துகொண்டே இருப்பதைச் சொல்லி 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்து, 2010 பிப்ரவரி 11 அன்று நாடு முழுமைக்கும் விதிமுறைகள் கொடுத்தது. ஆகஸ்ட் 6 அன்று அதைத் திருத்தியது. 2010-லேயே எழுதியாயிற்று, கவனியுங்கள். எனக்கு அது தெரியவந்தது 2012 ஜூனில். மானேசரில் நாலு வயதுக் குழந்தை தன் பிறந்தநாளன்று விழுந்து, ராணுவம் பக்கத்தில் குழி தோண்டியும் பிணமாகத்தான் வெளியே வந்தது. சத்தீஸ்கரில் ஒரு தாபாவில் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்தி தெரிந்த எங்கள் டிரைவர்தான் "இதுக்கெல்லாம் ஏற்கனவே ஆர்டர் இருக்காம்ணே" என்றான். ரெண்டு வருஷமாக ஆர்டர் இருந்திருக்கிறது. துளை போடுகிற எங்களுக்குத்தான் சேதி வரவில்லை.

தமிழ்நாட்டில் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி, 2015-ல் கிணறு தோண்டுவதற்கும் பாதுகாப்புக்கும் தனி விதிகளே போட்டார்கள். அப்புறம் 2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ரெண்டு வயதுக் குழந்தை. அதுவும் சரியாக மூடாமல் விட்ட போர். மீட்கும் வேலை நடக்கும்போதே குழந்தை இன்னும் கீழே சறுக்கிவிட்டது. பக்கத்தில் குழி தோண்ட வந்த பெரிய ரிக்கே பாறையில் திணறியது. டிவியில் பார்த்தவர்கள் இன்னும் ஏன் தாமதம் என்று திட்டினார்கள். அந்தப் பக்கத்துப் பாறை எனக்குத் தெரியும், அதனால் நான் திட்டவில்லை. 29-ஆம் தேதி விடிவதற்குள் உடலைத்தான் எடுத்தார்கள். பிறகு அந்தத் துளையை கான்கிரீட் கொட்டி மூடினார்கள்.

ஆக, விதி இருக்கிறது, அதில் குறையும் பெரிதாக இல்லை. கிராமத்தில் ஊராட்சித் தலைவரும் வேளாண் அலுவலரும், நகரத்தில் இளநிலைப் பொறியாளரும் கண்காணிக்க வேண்டும் என்றுகூட உச்ச நீதிமன்ற ஆர்டரில் இருக்கிறது. என் அனுபவத்தில் அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. மூடினாயா என்று கேட்டு எவரும் வந்ததில்லை. அதனால் தோட்டக்காரர் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வருவதற்கு முன்னாலேயே வேலை ஆரம்பிக்கிறது. குறைந்தது 15 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற விதி. நம் ஊரில் ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வண்டி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். வண்டிக்காரர் முகவரியும் உங்கள் முகவரியும் எழுதிய போர்டு ஒன்றை வேலை நடக்கும் இடத்தில் வைக்க வேண்டும், சுற்றி முள்கம்பி வேலியோ தடுப்போ போட வேண்டும். எங்கள் ஆட்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பேரம் பேசும்போது ஒரு வார்த்தை கூடச் சேர்த்துப் பேசுங்கள்: "தண்ணி வரலைன்னா மூடிட்டுத்தான் போகணும், அதுவரைக்கும் கடைசிப் பணம் தரமாட்டேன்." வண்டிக்காரனாக இருந்தவன் சொல்கிறேன், எங்களை நிறுத்தி வைக்க வேறு வழியே கிடையாது. வண்டி கிளம்பிய பிறகு கூப்பிட்டால் நாங்கள் ஆந்திராவில் இருப்போம்.

இப்போது மூடும் விஷயம். எவ்வளவு மண் வேண்டும் என்று தெரியாமல்தான் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். கணக்கு சுலபம். ஆறரை இஞ்ச் போருக்கு 100 அடி ஆழத்துக்கு சுமார் 23 கன அடி. 600 அடி என்றால் 138 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு (ஒரு யூனிட் என்றால் 100 கன அடி). சிமெண்ட் சாக்கில் அள்ளினால் 110 மூட்டை. நாலரை இஞ்ச் போர் என்றால் இதில் பாதிதான். ரெண்டு ஆள் ஒரு நாள், மிஞ்சிப்போனால் ஒன்றரை நாள் வேலை. லட்சக்கணக்கில் செலவு செய்து போட்ட துளைக்கு இது ஒரு காசே இல்லை. போரிலிருந்து வந்த பாறைத்தூள் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும், முதலில் அதையே எடுங்கள். ஆற்று மணல், கூழாங்கல், முக்கால் இஞ்ச் ஜல்லி, களிமண் எது கிடைத்தாலும் ஆகும்.

ஆகாதது என்ன தெரியுமா? தேங்காய் மட்டை, வைக்கோல், பிளாஸ்டிக், பழைய துணி, வீட்டுக் குப்பை. மட்கும் பொருள் மட்கியதும் உள்ளே வெற்றிடம் விழும். மிச்சம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கும்.

முதலில் ஆழம் பாருங்கள். நைலான் கயிற்றில் பத்து அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் பழைய ஸ்பானரைக் கட்டி இறக்குங்கள். கயிறு தொய்கிற இடம்தான் துளையின் அடிப்பகுதி. நல்ல வெயில் இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைத் துளைக்குள் திருப்பிவிட்டால் மேல் பகுதி மண் சரிந்திருக்கிறதா என்று தெரியும். துளை வாயருகே நின்று எட்டிப் பார்க்காதீர்கள். கேசிங் உருவிய போரில் வாய்ப்பக்க மண் உள்வாங்கியிருக்கும், பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

நான் அன்றைக்குச் செய்த தப்பு இங்கேதான். அவசரத்தில் பாறைத்தூளையும் பெரிய கற்களையும் சேர்த்து மளமளவென்று தள்ளிவிட்டேன். அரை மணி நேரத்தில் நிரம்பிவிட்டது. சந்தோஷமாகக் கைகழுவிக்கொண்டு வந்தேன். உண்மையில் எங்கோ நடுவில் ஒரு கல் குறுக்கே சிக்கி, அதன் மேல்தான் மண் நின்றிருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் காலி. ஐப்பசி மழையில் பத்து அடிக்கு மேல் இறங்கிவிட்டதாக அந்த அம்மா போன் செய்தார். திறந்த துளையாவது கண்ணுக்குத் தெரியும். நிரம்பியது போல ஏமாற்றுகிற துளை அதைவிடக் கெட்டது.

எனவே மெதுவாகப் போடுங்கள். முக்கால் ஜல்லிக்குப் பெரிய கல் வேண்டாம். பத்துச் சட்டி போட்டதும் நிறுத்தி, ஸ்பானர் கயிற்றை இறக்கி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கணக்குக்கு மேல் ஏறியிருந்தால் நடுவில் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். போகவில்லையென்றால் கனமான இரும்பைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கி இடியுங்கள். அடிப்பக்கம் மணலும் ஜல்லியும், மேலே கடைசி இருபது முப்பது அடிக்குக் களிமண். அந்தக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தண்ணீர் தெளித்து, எட்டுகிற ஆழம் வந்ததும் திமிசுக்கட்டையால் குத்துங்கள். தரைக்கு மேல் ஒரு அடிக்கு மேடு கட்டிவிடுங்கள், எப்படியும் இறங்கும்.

கேசிங் பைப்பை உருவியே ஆகவேண்டும் என்று வண்டிக்காரர் பிடிவாதம் பிடித்தால், பாறை மட்டம் வரை நிரப்பிய பிறகு உருவச் சொல்லுங்கள். முதலிலேயே உருவினால் மேல் மண் சரிந்து, ஆறரை இஞ்ச் வாய் அண்டா வாய் ஆகிவிடும். கூடியவரை பைப்பை விட்டுவிடுவது நல்லது. அந்தப் பைப்பின் விலைக்காகத்தான் பாதி துளைகள் ஆபத்தாகின்றன என்பது என் கருத்து.

துளை போடும்போது சேற்றுக்காக வெட்டிய குழிகளையும் கால்வாய்களையும் வேலை முடிந்ததும் மூட வேண்டும், அதுவும் விதியில் இருக்கிறது. மூடிய பிறகு முன்னும் பின்னும் எடுத்த போட்டோவோடு ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். சரியாக மூடப்பட்டது என்று சம்பந்தப்பட்ட துறையிடம் சான்று வாங்க விதியில் இடம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். நிலத்தை விற்கும்போது வாங்குபவரைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள். புதிதாக வந்தவர் அதே இடத்தில் டிராக்டர் ஓட்டுவார்.

தண்ணீர் உள்ள போரும் பயமில்லாதது இல்லை. மோட்டார் ரிப்பேருக்குக் கழற்றிப்போன நாட்களில் வாய் திறந்தே கிடக்கும். அந்த ரெண்டு நாளும் மூடி போட வேண்டும் என்று உச்ச நீதிமன்ற விதியே தனியாகச் சொல்கிறது. மூடி என்றால் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்ப்பது இல்லை. இரும்புத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது போல்ட் நட்டு போட்டு முறுக்கும் மூடி வேண்டும். குழந்தைக் கை திறக்க முடியாதபடி. கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்ட் மேடை, தரைக்குக் கீழே ஒரு அடி, மேலே ஒரு அடி.

வறண்ட போரை மழைநீர் இறக்கும் குழியாக மாற்றலாம் என்று 2019-க்குப் பிறகு அரசாங்கமும் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் கேசிங் இல்லாத, வாய் சரிந்த போரில் அதைச் செய்யாதீர்கள். செய்தாலும் தெரிந்த பொறியாளரை வைத்துச் செய்து, மேலே கம்பி வலையும் கல் அடுக்கும் இல்லாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் திறந்து கிடக்கிறதா? சண்டை வரும் என்று பார்க்காதீர்கள். அன்றைக்கே பலகையைப் போட்டு மேலே கல் வைத்து, ஊராட்சி செயலரிடமும் விஏஓவிடமும் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் போட்டோவோடு மனு கொடுங்கள், 1100-க்கும் போன் செய்யுங்கள். யாராவது விழுந்துவிட்டால் 101 அல்லது 112, கூடவே 108. துளையருகே கூட்டத்தையும் டிராக்டர், ஜேசிபி எதையும் விடாதீர்கள், மண் உள்ளே சரியும். கயிற்றை விட்டு இழுத்துப் பார்க்கும் வேலையை மீட்புக்காரர்களிடம் விடுங்கள்.

என் தோட்டம் மூன்று ஏக்கர். ரெண்டு போர் தோற்றது. ரெண்டையும் மேலே சொன்ன மாதிரி மூடினேன். மழைக்காலம் முடிந்ததும் மேட்டின் மேல் ஏறி மிதித்துப் பார்ப்பது வழக்கம். முதல் வருஷம் ஒன்றில் முக்கால் அடி இறங்கியிருந்தது, நாலு சட்டி களிமண் போட்டேன். மறு வருஷம் ரெண்டு சட்டி. போன கார்த்திகையில் ஒன்றும் தேவைப்படவில்லை, மேட்டில் அருகம்புல் பிடித்துவிட்டது.